ரோல்பேக் கொடுத்தும் ஏன் திரும்பவில்லை?

கேள்வி: அண்ணே, வணக்கம். நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். தோவாளை பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நாங்கள்தான் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8. ஓணத்துக்கு முந்தின வாரம், ராத்திரி ஒரு மணிக்குப் புது வெர்ஷன் ஏற்றினோம். ஸ்கீமா, அதாவது டேபிள்களின் அமைப்பு, மாற மொத்தம் ஒன்பது கட்டளைகள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட மேலே ஸ்டார்ட் டிரான்ஸாக்ஷன் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் ஐந்தில் நான்கு, டேபிள் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள்; அதில் முதலாவது, 'எடை' ஃபீல்டை 'மொத்த எடை' என்று பெயர் மாற்றுவது. ஒன்று, எடையைக் கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றும் அப்டேட். ஆறாவதில் எரர். விவசாயிகள் டேபிளில், ஒரே நம்பர் இரண்டு தடவை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸை ஃபோன் நம்பருக்குப் போடும்போது, ஒரே நம்பர் இரண்டு பேருக்கு இருக்கிறது என்று நின்றுவிட்டது. உடனே, செய்ததையெல்லாம் திருப்ப ரோல்பேக் கொடுத்தேன். 'கொயரி ஓகே' என்று வந்தது. ஆனால் ஐந்து மாற்றமும் அப்படியே இருந்தன, அந்த அப்டேட் உட்பட. பழைய புரோகிராமும் ஓடவில்லை, புதியதும் ஓடவில்லை. பேக்கப்பை ஏற்றி முடிக்கக் காலை ஆறரை. அதுவரை கடையில் துண்டுச்சீட்டில் எழுதினார்கள். கூட வேலை பார்க்கிறவர், 'போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸாக இருந்தால் இது நடந்தே இருக்காது' என்கிறார். முதலாளி, 'பேக்கப் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு' என்கிறார். மைஎஸ்கியூஎல் 8-இல் அட்டாமிக் டிடிஎல் (ஆல்டர் போன்ற அமைப்புக் கட்டளை, அதாவது டிடிஎல், முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது என்ற வசதி) வந்துவிட்டது என்று படித்தேனே, பிறகு ஏன் இப்படி ஆனது? தப்பு என்னுடையதா?

— வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கச்சி, டிரான்ஸாக்ஷனுக்குள் போட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று நீங்கள் நம்பியது தப்பில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதே அதுதானே: நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது. அந்த உறுதி டேபிளுக்குள் இருக்கிற வரிகளுக்கு மட்டுமா, டேபிளின் அமைப்புக்கும் சேர்த்தா என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் அது மாறும்.

அன்றைக்கு ராத்திரி நடந்தது இதுதான். ஆல்டர், கிரியேட், டிராப் போன்ற கட்டளையைக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல் அதுவரை திறந்திருந்த டிரான்ஸாக்ஷனை முதலில் தானே கமிட் செய்துவிடும், அதாவது நிரந்தரமாக்கிவிடும். உங்களைக் கேட்காது, எச்சரிக்கையும் தராது. ஆக, நீங்கள் திறந்துவைத்த டிரான்ஸாக்ஷன் முதல் ஆல்டரோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு நீங்கள் எந்த டிரான்ஸாக்ஷனுக்குள்ளும் இல்லை, ஒவ்வொரு கட்டளையும் உடனே தானாகக் கமிட் ஆகும் ஆட்டோகமிட்டுக்குத் திரும்பியிருந்தீர்கள். நடுவில் வந்த அப்டேட் ஓடிய அந்த நொடியே நிரந்தரமாகிவிட்டது. கடைசியில் ரோல்பேக் கொடுத்தபோது திரும்பப் பெற எதுவுமே மிச்சமில்லை. திறந்த டிரான்ஸாக்ஷன் இல்லாத இடத்தில் ரோல்பேக் கொடுத்தாலும் மைஎஸ்கியூஎல் 'கொயரி ஓகே' என்றுதான் சொல்லும். எரராவது வந்திருந்தால் அப்போதே விழித்திருப்பீர்கள். அந்த 'ஓகே'தான் உங்களை ஏமாற்றியது.

அட்டாமிக் டிடிஎல் பற்றிப் படித்ததும் உண்மைதான், ஆனால் அது வேறு சங்கதி. 2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 உறுதி தருவது ஒரே ஒரு கட்டளைக்கு. உதாரணமாக, ஒரே டிராப் டேபிளில் இரண்டு டேபிளின் பெயரைக் கொடுக்கிறீர்கள், அதில் இரண்டாவது டேபிள் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய 5.7 வெர்ஷன் முதல் டேபிளை அழித்துவிட்டுப் பிறகு எரர் சொல்லும், 8.0 எதையும் தொடாமல் எரர் மட்டும் சொல்லும். கட்டளை ஓடும்போது கரண்ட் போனாலும் பாதி டேபிளோடு நிற்காது. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது கட்டளையைச் சேர்த்துக் கட்டி ஒன்றாகத் திருப்ப அதனால் முடியாது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி 10.6-இல் வந்த வசதியும் அதே வகைதான்.

இதே ஏமாற்றம் எனக்கு ஆரக்கிள் டேட்டாபேஸில் நேர்ந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் ஸ்டாக் டேபிளில் அப்டேட் ஒன்றைப் போட்டு, சரிபார்த்துவிட்டுக் கமிட் செய்யலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் அதே விண்டோவில் வேறொரு டேபிளுக்கு ஒரு ஆல்டர் கொடுத்தேன். அந்த ஆல்டர் எரர் ஆனது. எரர் ஆனதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து ரோல்பேக் கொடுத்தேன். ஆரக்கிள் டிடிஎல்லை ஓட்டுவதற்கு முன்னாலேயே ஒரு கமிட் செய்யும். டிடிஎல் தோற்றாலும் அந்தக் கமிட் நிலைத்துவிடும். சரிபார்க்காத அப்டேட் நிலைத்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து பழைய பில்களை வைத்து எண்களைத் திருத்தினேன். அந்த மூன்று நாளை மறக்காததால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது சரி. போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றிலும் ஸ்கீமா மாற்றங்கள் பெரும்பாலும் டிரான்ஸாக்ஷனுக்கு உட்பட்டவை. போஸ்ட்கிரஸில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயமில்லாமல் பயன்படுத்தலாம். எந்த டேபிள் இருக்கிறது, அதில் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்ற விவரமெல்லாம் பிஜி-கிளாஸ், பிஜி-ஆட்ரிபியூட் போன்ற டேபிள்களில் சாதாரண வரிகளாகவே இருக்கின்றன. ஆல்டர் டேபிள் கொடுத்தால் அந்த வரிகளுக்குப் புதுப் பதிப்பு எழுதப்படுகிறது. பில் டேபிளில் ஒரு வரியை அப்டேட் செய்தால் என்ன நடக்குமோ அதேதான். கமிட் ஆகும்வரை மற்றவர்களுக்குப் பழைய பதிப்புதான் செல்லும். டேபிளையே திருப்பி எழுத வேண்டிய மாற்றமாக இருந்தால், புது ஃபைலில் எழுதும். ரோல்பேக் ஆனால் புது ஃபைல் போகும், கமிட் ஆனால் பழையது போகும். அதனால் போஸ்ட்கிரஸில் ரோல்பேக் என்பது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதும் வேலை இல்லை. டிரான்ஸாக்ஷன் கைவிடப்பட்டது என்று குறித்துக்கொள்வதுதான். எவ்வளவு பெரிய டேபிளாக இருந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதைப் படித்து நம்ப வேண்டாம், ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் போஸ்ட்கிரஸ் போட்டு, இரண்டு டெர்மினல் திறந்துவையுங்கள். முதலாவதில் டிரான்ஸாக்ஷனைத் தொடங்க பிகின் கொடுத்து, 'பூவகை' என்று ஒரு டேபிள் உருவாக்கி, பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி என்று நாலு வரி போடுங்கள். செலக்ட் கொடுத்தால் நாலும் வரும். இரண்டாவது டெர்மினலில் அதே செலக்டைக் கொடுங்கள்: அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லும். முதலாவதில் ரோல்பேக் கொடுத்துவிட்டு மறுபடி செலக்ட் கொடுங்கள். அங்கும் இல்லை. ஒரு டேபிளே இருந்த தடம் தெரியாமல் போவதை முதன்முதலில் பார்த்த அன்று நான் அதை நாலைந்து தடவை செய்து பார்த்தேன்.

அடுத்தது, வேண்டுமென்றே தவறு செய்து பாருங்கள். பிகின், சரியான ஒரு ஆல்டர், தவறான ஒரு ஆல்டர், பிறகு சரியான இன்னொன்று, கடைசியில் கமிட். இரண்டாவதில் எரர் வந்த பிறகு, மூன்றாவது சரியாக இருந்தும் போஸ்ட்கிரஸ் ஓட்டாது: இந்த டிரான்ஸாக்ஷன் ஏற்கெனவே முறிந்துவிட்டது, முடியும்வரை எதையும் ஏற்கமாட்டேன் என்று சொல்லும். கடைசியில் நீங்கள் கமிட் என்று டைப் செய்தாலும் திரையில் ரோல்பேக் என்றுதான் வரும். உங்கள் ஆறாவது கட்டளை இங்கே தோற்றிருந்தால், அடுத்த நிமிஷமே பழைய புரோகிராம் பழைய டேபிளோடு ஓடியிருக்கும். கடைக்காரருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

இதன் பயன் எங்கே என்பதை உங்கள் முதலாளிக்கு இப்படிச் சொல்லுங்கள். நம்ம ஊரில் ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்றுகிறவர்கள் மழைக்கணக்குப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். பழைய ஓடு இருந்தாலும் வீடு நனையாது, புது ஓடு போட்டாலும் நனையாது; பாதி பிரித்த நிலையில் மழை வந்தால்தான் கட்டிலும் நெல்லும் போகும். ஸ்கீமாவும் அப்படித்தான். பழைய அமைப்புக்குப் பழைய புரோகிராம் பொருந்தும், புது அமைப்புக்குப் புதியது பொருந்தும். பாதி மாறின அமைப்புக்குப் பொருந்துகிற புரோகிராமை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள், எழுதவும் முடியாது. பேக்கப் என்பது அந்தப் பாதி நிலையிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு வழி. டிரான்ஸாக்ஷனுக்குள் செய்யும் ஸ்கீமா மாற்றத்தில் அந்தப் பாதி நிலைக்குள் போவதே இல்லை.

பாதியில் நிற்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதில் நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். அந்தப் பதற்றத்தில், ஃபோன் நம்பரைத் திருத்திவிட்டு ஃபைலை மேலிருந்து மறுபடி ஓட்டியிருந்தால்? ஆல்டர்கள் 'ஏற்கெனவே இருக்கிறது', 'அப்படி ஒரு ஃபீல்டு இல்லை' என்று எரர் தரும், அவற்றைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்த அப்டேட் எரர் தராது. 4.250 கிலோ பிச்சிப்பூ முதல் தடவையில் 4250 கிராம் ஆகியிருக்கும். இரண்டாம் தடவையில் 42,50,000. அது எல்லாப் பழைய பில்லிலும் நடந்திருக்கும். ஒரு பகுதி மட்டும் இரண்டு தடவை ஓடியிருந்தால், எது சரி எது தப்பு என்று பிரிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். பேக்கப்பை ஏற்றலாம் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு.

அதற்காக முதலாளி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். டிரான்ஸாக்ஷன் காப்பாற்றுவது கமிட்டுக்கு முன்னால் தெரிகிற தவறிலிருந்து மட்டும்தான். எல்லாம் ஓடி, கமிட் ஆகி, இரண்டு மணி நேரம் கழித்துக் கமிஷன் கணக்கு தப்பாக வருகிறது என்று தெரிந்தால் ரோல்பேக் உதவாது. அப்போது பேக்கப்பை ஏற்றினாலும் அந்த இரண்டு மணி நேரத்து பில்கள் போகும். அன்று நீங்கள் ராத்திரி ஒரு மணிக்கே கண்டுபிடித்ததால் அந்த இழப்பு இல்லை. கடை திறந்து வியாபாரம் சூடு பிடித்த பிறகு தெரிந்திருந்தால் இருந்திருக்கும். பேக்கப் கட்டாயம் வேண்டும். அதை நம்பி மட்டும் ஸ்கீமாவில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போஸ்ட்கிரஸுக்குப் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதலில், பிகின் எழுதினால்தான் டிரான்ஸாக்ஷன். ஃபைலை அப்படியே போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் ஓட்டினால் அங்கும் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியாகத்தான் கமிட் ஆகும். ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்குகளின் மைக்ரேஷன்கள் (ஸ்கீமா மாற்ற ஃபைல்கள்) போஸ்ட்கிரஸில் இதைத் தாங்களே செய்துகொள்ளும். கையால் எழுதும் உங்களைப் போன்றவர்கள் மறக்கக் கூடாது.

இரண்டாவது, லாக். இதுதான் நல்ல அனுபவசாலிகளையும் கவிழ்ப்பது. ஆல்டர் டேபிள் பெரும்பாலும் அந்த டேபிளுக்கு முழு லாக் கேட்கும்: யாரும் எழுத முடியாது, படிக்கவும் முடியாது, கமிட் ஆகும்வரை. ஒன்பது கட்டளையில் முதலாவதே பில் டேபிளைத் தொட்டு, ஏழாவது பத்து நிமிஷம் ஓடினால், அந்தப் பத்து நிமிஷமும் பில் போட முடியாது. அதைவிட மோசம், வரிசை. யாரோ ஒருவர் மாத அறிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆல்டர் அது முடியக் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிற சின்னச் சின்ன செலக்ட் எல்லாம் உங்கள் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஆல்டர் இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் கடை ஸ்தம்பித்திருக்கும். இதற்கு மருந்து, பிகின் கொடுத்த உடனே லாக்-டைம்அவுட்டை மூன்று விநாடி என்று வைப்பது. மூன்று விநாடியில் லாக் கிடைக்காவிட்டால் முழு டிரான்ஸாக்ஷனும் முறியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலலாம். தோற்பதற்குச் செலவில்லாததால்தான் இப்படித் தைரியமாகத் தோற்க முடிகிறது. டிரான்ஸாக்ஷனுக்குள் வராத டிடிஎல்லில் இந்த வித்தையைச் செய்தால் ஒவ்வொரு முயற்சியும் ஒவ்வொரு இடத்தில் பாதியில் நிற்கும்.

மூன்றாவது, சில கட்டளைகள் டிரான்ஸாக்ஷனுக்குள் வராது. புது டேட்டாபேஸ் உருவாக்குவது, பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் வேக்யூம், மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்காமல் கன்கரண்ட்லி என்று சொல்லி இன்டெக்ஸ் போடுவது ஆகியவை அப்படி. கடைசியாகச் சொன்னது தோற்றால், செல்லாத இன்டெக்ஸ் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். நீங்கள்தான் அதைத் தேடி அழிக்க வேண்டும். வரிசை எண் தரும் சீக்வென்ஸ் கொடுத்த எண்ணும் ரோல்பேக்கில் திரும்பாது, அதனால் பில் எண் இடையில் விட்டுப்போகலாம். ஆடிட்டர் கேட்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரி, மாறலாமா? என் கருத்து இது. இனித் தொடங்கும் புது வேலைக்குப் போஸ்ட்கிரஸ் எடுங்கள்; தயங்க ஒன்றுமில்லை. உங்களைப் போல மூன்று நான்கு பேர் கொண்ட கம்பெனிக்குத்தான் இந்த வசதி மிகவும் தேவை. பெரிய இடங்களில் ராத்திரி முழுக்க ஆள் இருப்பார்கள், மாற்று சர்வர் இருக்கும். உங்களிடம் இருப்பது ஒரு சர்வர், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பேர், விடியுமுன் பூ மூட்டை வந்து இறங்கும் ஒரு கடை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற தோவாளைக் கடையை இந்த ஒரு காரணத்துக்காக இப்போதே மாற்ற வேண்டாம். டேட்டாபேஸ் மாற்றுவது ஒன்பது கட்டளையைவிடப் பெரிய அபாயம்.

அதுவரை மைஎஸ்கியூஎல்லில் எப்படிப் பிழைப்பது? ஒரே டேபிளுக்குச் செய்யும் மாற்றங்களைத் தனித்தனி ஆல்டராக எழுதாதீர்கள். கமா போட்டு ஒரே ஆல்டரில் சேருங்கள். ஒரு கட்டளை என்பதால் 8.0 தருகிற உறுதி அதற்கு முழுசாகக் கிடைக்கும். டேபிளையே புரட்டிப்போட வேண்டியிருந்தால், புது அமைப்பில் தனி டேபிள் உருவாக்கி, தரவை நிரப்பி, சரிபார்த்து, ரீநேம் டேபிள் ஒன்றில் பழையதையும் புதியதையும் இடம் மாற்றுங்கள். இரண்டு பெயர் மாற்றமும் ஒரே கட்டளைக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இதைவிட முக்கியமானது வரிசை. 'எடை' என்ற ஃபீல்டை 'மொத்த எடை' என்று பெயர் மாற்றினீர்களா? அதுவும் முதல் கட்டளையாக? பழைய புரோகிராம் நின்றதற்கு அந்த ஒன்றே போதும். பெயர் மாற்றாதீர்கள். புது ஃபீல்டைச் சேருங்கள், பழையது அப்படியே இருக்கட்டும். புது புரோகிராம் ஒரு வாரம் இரண்டிலும் எழுதட்டும். கிராம் கணக்கும் புது ஃபீல்டில்தான் போக வேண்டும். பழைய கிலோ எண்ணைத் தொடவே தேவையில்லை. அப்போது அந்த அப்டேட்டைப் பத்துத் தடவை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். எல்லாம் நிலைத்த பிறகு, வியாபாரம் மந்தமான ஒரு நாளில் பழைய ஃபீல்டை நீக்குங்கள். எந்த நாள் மந்தம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். முகூர்த்தம், ஓணம், பொங்கல் எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். இந்த ஒழுங்கு போஸ்ட்கிரஸிலும் தேவைப்படும், ஏனென்றால் கமிட்டுக்குப் பிறகு தெரியும் தவறுக்கு அங்கும் இதுதான் மருந்து.

கடைசியாக அந்த ஆறாவது கட்டளை. டெஸ்ட் டேட்டாவில் அது ஓடியிருக்கும், ஏனென்றால் டெஸ்ட் டேட்டாவை எழுதியது நீங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நம்பர் போட்டிருப்பீர்கள். கடையின் நேற்றைய பேக்கப்பை உங்கள் லேப்டாப்பில் ஏற்றி, ஒன்பதையும் அதன்மேல் ஓட்டிப் பார்த்திருந்தால் பகலிலேயே தெரிந்திருக்கும். அடுத்த தடவை அதைச் செய்யுங்கள். யூனிக் போடும் முன் குரூப் பை கொடுத்து, ஒன்றுக்கு மேல் வருகிற நம்பர்களைப் பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடு தோவாளைக்குப் போய்க் கடைக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் பூ கொண்டுவருவது அப்பா, பணம் வாங்குவது மகன், கணக்கு இரண்டு பேர் பெயரிலும், ஃபோன் ஒன்று. அது டேட்டா பிழை இல்லை, தங்கச்சி. அவர்கள் வீட்டில் அப்படித்தான். ஃபோன் நம்பருக்கு யூனிக் போடுவதை விட்டுவிட்டு, கடையின் பேரேட்டில் ஒவ்வொரு விவசாயிக்கும் என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். யூனிக் இன்டெக்ஸை அதற்குப் போடுங்கள்.